மைக்கேல் ஜாக்சன் பையனாகப் பாடிய பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்பாய் செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் அவ்வப்போது ஞாயிறு சாயங்காலம் பாட்டு கேட்கக் கூடுகிறோம். மாட்டுங்கா, சயான், தாராவி, முலுண்ட் என்று பல பக்கத்திலிருந்தும் தமிழ்க்காரர்கள் வருவார்கள். மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக இருந்தபோது பாடியவற்றைப் போட ஆரம்பித்த நாளிலிருந்து, ஒரே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் பெரிய ஆளாகப் போகிறவன் சின்ன வயதில் ஏதோ பாடிப் பார்த்தது என்று நான் இவற்றைக் கேட்பதில்லை. அந்தப் பதினோரு வயதுப் பையன் அன்றைக்கே முழுப் பாடகன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதியவைதான்.

சின்ன வயசுப் பாட்டுன்னா எது எது? எந்த வருஷத்துல ஆரம்பிச்சு எந்த வருஷம் வரைக்கும்?

மைக்கேல் பிறந்தது 1958 ஆகஸ்ட் 29, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேரி என்ற உருக்காலை ஊரில். அண்ணன்மார் ஜாக்கி, டிட்டோ, ஜெர்மெய்ன், மார்லன் நால்வரோடும் சேர்ந்து ‘ஜாக்சன் 5’ என்ற குழுவில் பாடினான். முதல் ஒலிப்பதிவுகள் 1967-ல். மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு வேலை செய்த காலம் 1969 முதல் 1975 வரை. ஒன்பது வயதிலிருந்து பதினாறு பதினேழு வயது வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. அண்ணன்மாரோடு குழுவாகப் பாடியவை ஒன்று. 1971 முதல் தனிப் பெயரில் வந்தவை இன்னொன்று. ‘காட் டு பி தேர்’, ‘பென்’ இரண்டும் 1972-லும், ‘மியூசிக் அண்ட் மீ’ 1973-லும், ‘ஃபாரெவர், மைக்கேல்’ 1975-லும் வந்த நான்கு தனி ஆல்பங்கள். நாம் எல்லோரும் அறிந்த ‘ஆஃப் தி வால்’ (1979), ‘த்ரில்லர்’ (1982) எல்லாம் இதற்கு அப்புறம்.

எனக்கு ‘பீட் இட்’ மட்டும்தான் தெரியும். எதுல ஆரம்பிக்கலாம்?

‘ஐ வான்ட் யூ பேக்’. 1969 அக்டோபரில் வந்தது, 1970 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் பிரபல பாட்டுகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிடம்கூட ஆகாது. பியானோவின் கட்டைகள்மேல் விரலைச் சறுக்கவிட்ட சத்தம் மேலிருந்து கீழே இறங்கி வரும், கித்தார் தொத்திக்கொள்ளும், தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கும் பேஸ் கித்தார் உள்ளே நுழையும், பிறகு வயலின்கள். அந்த நேரத்திற்குள் கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். பையன் இன்னும் வார்த்தையே பாடவில்லை, ஒரு செருமல் மாதிரி ‘அஹா’ மட்டும் வந்திருக்கும்.

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பேஸ் கித்தாரை மட்டும் பின்தொடருங்கள். பல்லவியில் அது படிப்படியாக இறங்கி, குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். இரண்டாவது தடவை அண்ணன்மார் பின்னால் என்ன பாடுகிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவதுதான் மைக்கேலுக்கு. இவ்வளவு நெருக்கடியான வாத்தியக் கூட்டத்தில் அவன் ஒரு இடத்தில்கூட ஓடவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. சில சொற்களை வேண்டுமென்றே தாளத்துக்கு ஒரு இழை பின்னால் போடுகிறான். முதல் கேட்பிலேயே குரலைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பொருத்தம் தெரியாமல் போய்விடும்.

அண்ணே, இங்கிலீஷ் பாட்டுல பாதி வார்த்தை புரியல. புரியாம எப்படி ரசிக்கிறது?

தெலுங்கு தெரியாமலே தியாகராஜர் கிருதியை நாம் உருகிக் கேட்கவில்லையா? இந்தப் பாட்டுகளில் கதை ரொம்பச் சின்னது. ‘ஐ வான்ட் யூ பேக்’: விட்டுப்போனவளைத் திரும்ப வா என்று கெஞ்சுவது. ‘ஏபிசி’: பள்ளிப் பாடத்தைச் சொல்லி, காதலையும் அப்படிக் கற்றுத் தருகிறேன் என்பது. ‘ஐ’ல் பி தேர்’: எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்ற வாக்கு. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தைக் குரலே சொல்லிவிடும். இரண்டாவது மூன்றாவது தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், எந்தச் சொல்லில் அழுத்துகிறான், எதை விழுங்குகிறான் என்று பிடிபடும்.

அவர் முதன்முதலா பாடின ரெக்கார்டு ‘ஐ வான்ட் யூ பேக்’தானே?

இல்லை. அதற்கு முன்பே ‘பிக் பாய்’ என்று ஒன்று இருக்கிறது. கேரியிலேயே இருந்த ஸ்டீல்டவுன் என்ற சின்னக் கம்பெனி 1968 ஜனவரியில் வெளியிட்டது. பதிவானது 1967 நவம்பரில், பக்கத்து ஊரான சிகாகோவில். அப்போது மைக்கேலுக்கு ஒன்பது வயது. அதே பாட்டை அதற்குச் சில மாதங்கள் முன்பு சிகாகோவில் ஒன்டர்ஃபுல் என்ற வேறொரு கம்பெனிக்கும் பாடியிருந்தார்கள். அந்த நாடா இருப்பது 2009-ல்தான் வெளியே தெரிந்தது.

‘பிக் பாய்’ அருமையான பாட்டு என்று சொல்ல மாட்டேன். வாத்தியங்கள் கொஞ்சம் தளர்ச்சி, ஒலிப்பதிவும் சாதாரணம். ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மோட்டவுனின் பணமும் ஆட்களும் சேருவதற்கு முன்னால் அந்தக் குரலில் என்ன இருந்தது என்பது அங்கே தெரியும். சுருதி சுத்தம், துணிச்சல் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. மோட்டவுன் சேர்த்தது மற்றவற்றைத்தான்.

டயானா ராஸ்தான் கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேன். அப்போ எட்டு வயசுன்னும் போட்டிருந்துச்சு. கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் செய்யும், இரண்டுமே விளம்பரத்துக்காகச் சொன்னவை. 1969 டிசம்பரில் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே ‘டயானா ராஸ் வழங்கும் ஜாக்சன் 5’ என்ற பொருளில்தான் இருக்கும். அவர் அன்று மோட்டவுனின் பெரிய நட்சத்திரம். அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் வரும். உண்மையில் இந்தப் பையன்களை மோட்டவுனுக்குக் கூட்டிப்போனவர் பாபி டெய்லர் என்ற பாடகர். சிகாகோ ரீகல் தியேட்டரில் தன் குழுவோடு பாட வந்த இடத்தில் இவர்களைப் பார்த்தார். 1968 ஜூலையில் டெட்ராய்ட்டில் நடந்த தேர்வைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அன்றைய பெரிய பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டொன்றை, கால் அசைவு முதற்கொண்டு, மைக்கேல் அங்கே பாடிக்காட்டுகிறான்.

வயதும் அப்படித்தான். ‘ஐ வான்ட் யூ பேக்’ வந்தபோது அவனுக்குப் பதினொன்று. எட்டு என்று சொல்லச் சொன்னார்கள். எட்டு வயதில் இப்படியா என்று ஜனங்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. குழந்தை பாடுகிறதே என்ற ஆச்சரியத்தை முன்னால் நிறுத்தியதால், எப்படிப் பாடுகிறது என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. நம் டிவி போட்டிகளிலும் இதையேதானே பார்க்கிறோம்?

வாத்தியம் எல்லாம் அந்த அஞ்சு பேரே வாசிச்சதா?

மேடையில் டிட்டோ கித்தார், ஜெர்மெய்ன் பேஸ் கித்தார். ஒலிப்பதிவில் வாசித்தவர்கள் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தேர்ந்த ஸ்டுடியோக் கலைஞர்கள் அவர்கள். மேலே நான் பின்தொடரச் சொன்ன பேஸ் கித்தாரை வாசித்தவர் வில்டன் ஃபெல்டர். இவர் க்ரூசேடர்ஸ் என்ற ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்துப் பேர் வாங்கியவர்.

பாட்டு எழுதித் தயாரித்தது ‘தி கார்ப்பரேஷன்’ என்று பொதுப் பெயர் வைத்துக்கொண்ட நால்வர்: கம்பெனி முதலாளி பெர்ரி கோர்டி, ஃப்ரெடி பெரன், அல்ஃபோன்ஸோ மிசெல், டீக் ரிச்சர்ட்ஸ். ‘ஐ வான்ட் யூ பேக்’ முதலில் கிளாடிஸ் நைட் குழுவுக்காக வேறு வரிகளோடு போட்ட மெட்டு. பிறகு பையன்களுக்காக மாற்றினார்கள். ஆக, இது பெரியவர்கள் செதுக்கிக் கொடுத்த சங்கீதம். அதனால் பையனின் மதிப்பு குறையாது. அவ்வளவு கெட்டிக்காரர்கள் கட்டிய பாட்டின் நடுவில் நின்றும் நம் காது அவனிடமே போகிறதே.

பத்துப் பதினொரு வயசுப் பையனுக்குக் காதல் தோல்வியைப் பத்தி என்ன தெரியும்? நடிப்புதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதிலுக்கு ‘ஹூ’ஸ் லவின் யூ’ கேட்க வேண்டும். ‘ஐ வான்ட் யூ பேக்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது. ஸ்மோக்கி ராபின்சன் எழுதி, அவருடைய மிராக்கிள்ஸ் குழு 1960-ல் பாடியது. உன்னிடம் மோசமாக நடந்துகொண்டேன், நீ போய்விட்டாய், இப்போது உன்னை யார் காதலிக்கிறார்களோ என்று ஒரு ஆம்பளை தன் தப்பை நினைத்துப் புலம்பும் பாட்டு. கார்ப்பரேஷன் எழுதியவற்றைப் போல இதில் பள்ளிக்கூட விளையாட்டு கிடையாது.

தாளம் மெதுவாக, திஸ்ர நடையில் மூன்று மூன்றாக நடக்கிறது. முதல் சொல் ஓரசை. அந்த ஒரே அசையை மைக்கேல் பிடித்துக்கொண்டு, மேலே ஏற்றி, உடைத்து, வளைத்து இறக்கிவிட்ட பிறகுதான் அடுத்த சொல்லுக்கு வருகிறான். தொண்டையில் ஒரு கரகரப்பை வேண்டும் இடத்தில் வரவழைக்கிறான், அடுத்த வரியிலேயே அதை எடுத்துவிட்டுச் சுத்தமான குரலில் பாடுகிறான். தெரியாமல் வந்த கரகரப்பாக இருந்தால் அப்படி எடுக்க முடியாது.

சரி, இது எங்கிருந்து வந்தது? அனுபவித்து வரவில்லைதான். ஐந்து வயதில் பள்ளிக்கூட மேடையில் பாடியவன், அதன்பின் அப்பாவோடு ஊர் ஊராக, இரவு விடுதி முதல் நியூயார்க் அப்போலோ தியேட்டர் வரை பாடிக்கொண்டே வளர்ந்தவன். ஜேம்ஸ் பிரவுன், ஜாக்கி வில்சன் போன்றவர்கள் பாடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று இமைக்காமல் பார்த்ததை 1988-ல் வந்த தன் வரலாற்றில் மைக்கேலே எழுதியிருக்கிறார். துக்கம் ஒரு பாடகனின் உடம்பில் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றவன். இதை நடிப்பு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். சோகப் பாட்டு பாடும் பெரியவர்கள் எல்லோரும் ஒலிப்பதிவு அன்று காலையில் காதலியைப் பிரிந்தவர்களா என்ன?

பிருகா, கமகம்னு ஷண்முகானந்தா ஹால் கச்சேரில கேட்டுப் பழகின காது இது. இந்தப் பாப் பாட்டுல கேக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ?

மேலே சொன்ன முதல் சொல்லையே கேளுங்கள் மாமி. ஒரு அசைக்குள் பல ஸ்வரங்களை உருட்டுவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டில் ஊறிய வழக்கம். நம் பிருகா கேட்ட காதுக்கு அது சட்டென்று பிடிபடும். மேலே போகும்போது சுருதி நழுவுகிறதா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்கத் தகுதியான ஆள். ராகம், ஆலாபனை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், இது அந்த இனம் இல்லை. மூன்று நிமிடத்தில் ஒரு பாவத்தை நிறுத்திவிட்டுப் போகிற கலை.

எம்.எஸ். தன் முதல் இசைத்தட்டைப் பாடியது 1926-ல், பத்து வயதில். அதை நாம் பாப்பா பாட்டு என்று சொல்வதில்லை. அதே மரியாதையைத்தான் இந்தப் பையனுக்கும் கேட்கிறேன்.

‘ஐ’ல் பி தேர்’ பாட்டுக்கு ஏன் எல்லாரும் இவ்வளவு உருகுறாங்க? எனக்கு ரொம்ப ஸ்லோவா இருக்கு.

மோட்டவுனில் வந்த முதல் மூன்று பாட்டுகளும், அதாவது ‘ஐ வான்ட் யூ பேக்’, ‘ஏபிசி’, ‘தி லவ் யூ சேவ்’, ஒரே துள்ளல். மூன்றுமே முதலிடம். அதே அச்சில் நான்காவதையும் வார்க்காமல், 1970 ஆகஸ்டில் இந்த மெதுவான பாட்டை விட்டார்கள். அது ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கப் பட்டியலில் ஏறிய ஒரு குழுவின் முதல் நான்கு இசைத்தட்டுகளும் வரிசையாக முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

வேகம் போனதும் குரலுக்கு ஒளிய இடமில்லை. கேட்கும்போது ஜெர்மெய்னைக் கவனியுங்கள். நடுவில் ஒரு பகுதி அவருடையது. பதினைந்து வயது, கனமான அமைதியான குரல். அது முடிந்து தம்பி திரும்ப வரும்போது, ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். இந்தக் காலப் பாட்டுகளில் ஜெர்மெய்னின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தம்பியின் குரல் அவ்வளவு மேலே தெரிவதற்குக் கீழே அண்ணன் பிடித்த தரை ஒரு காரணம். இன்னும் ஸ்லோவாகவே தோன்றினால் விட்டுவிடுங்கள். ‘ஏபிசி’ கேட்கத் தடையொன்றும் இல்லை.

‘பென்’ ஒரு எலியைப் பத்தின பாட்டாமே, நிஜமா?

நிஜம். 1972-ல் அதே பெயரில் வந்த திகில் படத்துக்காக எழுதியது. தனிமையில் இருக்கும் ஒரு பையனுக்கும் எலிக்கும் உள்ள சிநேகம். டோனி ஆஸ்மண்ட் என்ற இன்னொரு சிறுவர் நட்சத்திரத்தை மனதில் வைத்திருந்தார்கள், கடைசியில் மைக்கேலிடம் வந்தது. தனிப் பாடகராக அமெரிக்காவில் அவனுக்கு முதல் முதலிடம் இதுதான். கோல்டன் குளோப் கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

பாட்டில் எலி என்ற சொல்லே வராது. எல்லோரும் விரட்டும் ஒருவனைப் பார்த்து, எனக்கு நீ இருக்கிறாய் என்று சொல்வது மட்டும்தான். மைக்கேல் இதில் ஒரு வித்தையும் காட்டவில்லை. ‘ஹூ’ஸ் லவின் யூ’வில் கேட்ட உருட்டல், கரகரப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராகப் பாடுகிறான். கையில் இருப்பதை எப்போது காட்டாமல் இருக்க வேண்டும் என்பது பதிமூன்று வயதில் தெரிந்திருக்கிறது.

குரல் எப்போ உடைஞ்சுது? அப்புறம் வந்த பாட்டெல்லாம் கேக்கலாமா?

நம் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், மகரக்கட்டு வந்தால் நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையன் இன்று ஒதுங்கி நிற்க வேண்டியதுதான் என்று. மைக்கேலுக்கு அது சட்டென்று ஒரு நாளில் நடந்ததாக ஒலிப்பதிவுகளில் தெரியவில்லை. 1973-ல் ‘மியூசிக் அண்ட் மீ’யில் குரல் தயங்குவது கேட்கும். உச்சிக்குப் பாய்வதை விட்டு நடு ஸ்தாயியில் மெதுவாகப் பாடுகிறான். விற்பனை குறைவு, பெரிய பாட்டு ஒன்றும் இல்லை. எனக்கோ நான்கு தனி ஆல்பங்களில் அதுதான் நெருக்கம். ஸ்டீவி வொண்டரும் தன் பதின்ம வயதில் பாடிய ‘வித் எ சைல்ட்ஸ் ஹார்ட்’ அதில் இருக்கிறது. குழந்தை மனசோடு இரு என்று சொல்லும் பாட்டை, குழந்தைக் குரல் கையை விட்டுப் போகும் சமயத்தில் பாடுகிறான்.

குழுவாகப் பாடி 1974-ல் தனித் தட்டாக வந்த ‘டான்சிங் மெஷின்’ கேட்டால் புதுக் குரல் கூடிவந்துவிட்டது தெரியும். 1975-ன் ‘ஃபாரெவர், மைக்கேல்’ வளர்ந்த பிள்ளையின் ஆல்பம். அதில் இருந்த ‘ஒன் டே இன் யுவர் லைஃப்’ அன்று கவனிப்பாரில்லாமல் கிடந்து, 1981-ல் இங்கிலாந்தில் முதலிடம் போனது. அதற்குள் அவர் மோட்டவுனை விட்டு வெளியேறி வருடங்கள் ஆகிவிட்டன.

1984-ல வந்த ‘ஃபேர்வெல் மை சம்மர் லவ்’ ஆல்பத்துல குரல் சின்னப் பையன் மாதிரி, மியூசிக் எண்பதுகள் மாதிரி இருக்கு. எப்படி?

காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பாட்டுகள் 1973-ல் பதிவாகி அலமாரியில் கிடந்தவை. ‘த்ரில்லர்’ உலகத்தையே ஆட்டிவைத்த பிறகு, மோட்டவுன் அவற்றை எடுத்து, மேலே புது வாத்தியங்களைச் சேர்த்து 1984-ல் விற்றது. மேலே சொன்ன அந்த மகரக்கட்டுக் காலத்துக் குரல்தான் அது, சட்டை மட்டும் வேறு. நான் இதைக் கடைசியில் கேட்கச் சொல்வேன். இப்படிப் பழைய சரக்கில் கைவைத்த வெளியீடுகள் இருப்பதால், எந்தப் பாட்டானாலும் வெளிவந்த வருடத்தை மட்டும் பார்க்காமல், பதிவான வருடத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஒரிஜினல் ரெக்கார்டு வாங்கித்தான் கேக்கணுமா? பம்பாயில எங்க கிடைக்கும்?

வேண்டியதில்லை. எல்லாமே செயலிகளில் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் என்று தேடினால் பின்னாள் பாட்டுகளே முதலில் வரும், அதனால் ஜாக்சன் 5 என்று தேடுங்கள். தனிப்பாட்டுகளுக்கு 2009-ல் வந்த ‘ஹலோ வேர்ல்டு’ தொகுப்பில் நான்கு ஆல்பங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ரெக்கார்டுதான் வேண்டும் என்றால், காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடியபின் பழைய சுகம் இல்லை. சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் பழைய தட்டுக் கடைகள் உண்டு. உறையைப் பார்த்து மயங்காமல், தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய கோடு பரவாயில்லை. விரல் நகம் மாட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், லோக்கல் ட்ரெயின் நேரத்தில் ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் ‘பென்’ மாதிரிப் பாட்டை வீட்டுக்குத் தள்ளிப்போடுங்கள். குர்லா தாண்டும்போது அது காதில் விழாது.

தொண்ணூத்தாறுல அந்தேரிக்கு வந்தாரே, அப்போ இந்தப் பழைய பாட்டெல்லாம் பாடினாரா?

1996 நவம்பர் 1, அந்தேரி விளையாட்டு அரங்கம். இந்தியாவில் அவர் நடத்திய ஒரே கச்சேரி. ‘ஹிஸ்டரி’ உலகப் பயணத்தின் நடுவில் வந்தார். அந்தப் பயணத்தில் ஜாக்சன் 5 பாட்டுகளை ஒரு தொகுப்பாக வைத்திருந்தார்: ‘ஐ வான்ட் யூ பேக்’, ‘தி லவ் யூ சேவ்’ இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பாடிவிட்டு ‘ஐ’ல் பி தேர்’. முப்பத்தெட்டு வயதில் அதே பாட்டைப் பாடுவதைக் காணொளிகளில் பார்க்கலாம். பார்த்துவிட்டு 1970-ன் பதிவுக்குத் திரும்பி வாருங்கள். பெரியவர் நினைவோடு பாடுகிறார். பையனுக்கு அந்த நிமிடம் மட்டும்தான் இருந்தது. எனக்குப் பையன் பாடியதுதான்.

அவங்க அப்பா பெல்ட்டால அடிச்சுத்தான் பாட வச்சாராமே. அது தெரிஞ்சும் எப்படி ரசிக்கிறது?

ஒத்திகையில் தப்பினால் அடி விழுந்ததை மைக்கேலே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1993-ல் ஓப்ரா வின்ஃப்ரேயுடனான பேட்டியில், அப்பாவைப் பார்த்தாலே பயத்தில் வயிறு புரட்டும் என்றும், விளையாடப் போக முடியாமல் ஸ்டுடியோவுக்குப் போனதைப் பற்றியும் பேசினார். இது வதந்தி கிடையாது.

அடித்ததால்தான் இவ்வளவு நன்றாகப் பாடினான் என்று சிலர் எங்கள் கூட்டத்திலேயே சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதே அடியை வாங்கியவர்கள் ஐந்து பேர். குரல் ஒருவனுக்குத்தான் அப்படி அமைந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்று இமைக்காமல் பார்க்கச் சொல்லி யாரும் அடிக்க முடியாது, அது அவனுடைய ஆசை. நான் கேட்கும்போது இரண்டும் மனதில் இருக்கும்: அந்தச் சந்தோஷமான குரலும், அது வேலைக்குப் போன பிள்ளையின் குரல் என்பதும். சில நாள் ‘ஏபிசி’யைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ரசிக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், அதுவும் நியாயமான கேட்பே.

பின்னாடி அவர்மேல வந்த குற்றச்சாட்டு எல்லாம் தெரியாதா? அதுக்கப்புறமும் இதைப் போடறீங்களே?

தெரியும். சிறுவர்களிடம் தவறாக நடந்ததாக 1993-ல் வந்த புகார் பண உடன்பாட்டில் முடிந்தது. 2005-ல் இன்னொரு வழக்கில் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. அவர் 2009-ல் இறந்தபின், 2019-ல் இரண்டு பேர் ஆவணப்படம் ஒன்றில் தங்கள் சிறுவயதில் நடந்ததாக விரிவாகச் சொன்னார்கள். குடும்பத்தார் மறுத்தார்கள்.

பத்து வயதில் பாடியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. இந்தப் பெயரைக் கேட்டாலே சங்கடப்படுபவர் கூட்டத்தில் இருக்கலாம் என்பதால், என்ன போடப் போகிறோம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். வர விருப்பமில்லாதவர்களை ஏன் என்று கேட்பதில்லை. நான் தொடர்ந்து கேட்பதற்குக் காரணம் அந்தப் பதிவுகளில் இருக்கும் பையன். அவனுக்கு அன்று யாரும் பெரிய பாதுகாப்புக் கொடுக்கவில்லை.

எம் பொண்ணுக்குப் பத்து வயசு, நல்லாப் பாடுவா. இந்தப் பாட்டையெல்லாம் அப்படியே பாட வைக்கலாமா அண்ணே?

கேட்க வையுங்கள், தாராளமாக. பாட ஆசைப்பட்டால் ‘பென்’ நல்ல தொடக்கம். அடக்கமான ஸ்தாயி, நீளமான வரிகள், மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும். ‘ஹூ’ஸ் லவின் யூ’வின் கரகரப்பை மட்டும் காப்பியடிக்க விடாதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அதைச் செய்தால் தொண்டை புண்ணாகும். அவளுடைய சுருதிக்கு இறக்கியோ ஏற்றியோ வைத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் பாடிய சுருதியிலேயே பாடினால்தான் பாட்டு என்று எந்தச் சட்டமும் இல்லை. தொண்டை கட்டியிருந்தால் போட்டியோ ஆண்டு விழாவோ எதுவானாலும் அன்றைக்கு வேண்டாம்.

வயதைக் குறைத்துச் சொல்லி மேடை ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாடி முடித்ததும் எத்தனை மார்க் என்று கேட்காமல், எந்த இடம் பிடித்தது என்று அவளிடம் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாராவியிலிருந்து வரும் பிள்ளைகள் இருவர் ‘ஐ’ல் பி தேர்’ பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மெய்ன் பகுதிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.